"நீ ஆமியா, முதலாளிட ஆளா?"

சம்மாந்துறைப் பக்கத்தில் இருந்து வந்த கடிதம் இது. பெயரையும் ஆளை அடையாளம் காட்டும் விபரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"சேர், 2001இல் ஆமியில் சேர்ந்தேன். பொறியியலாளர் படையணியில் 22 வருடம் முடித்து 2023இல் சார்ஜன்டாக வெளியே வந்தேன். பெரும்பாலும் மிதிவெடி அகற்றும் வேலைதான். இப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் செக்கியூரிட்டி ஓ.ஐ.சி., அதாவது பொறுப்பாளர். எங்கள் செக்கியூரிட்டிக் கம்பனியை நடத்துபவர் ஓய்வுபெற்ற அதிகாரி. நேர்முகத்துக்குப் போன அன்றே 'நீர் நம்மட ஆள்' என்று எடுத்துக்கொண்டார். கம்பனிச் சட்டையிலும் எனக்கு மூன்று பட்டி. எல்லாரும் சார்ஜன்ட் என்றே கூப்பிடுகிறார்கள். போன மாதம் முகாமையாளர் சொன்னதால், ஹோட்டலுக்கு முன்னால் தோணி இழுத்தவர்களைத் தடுத்தேன். அதில் ஒரு வயதான ஐயா, 'நீ ஆமியா, முதலாளிட ஆளா?' என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அன்று தொடக்கம் நித்திரை இல்லை. மகளுடைய பாடசாலைப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தை வெறுமையாக வைத்திருக்கிறேன். இதற்கிடையில் ஒரு ஏஜென்சிக்காரர், வெளிநாட்டில் முகாம் பாதுகாப்பு வேலை, ஆமி அனுபவம் போதும், டொலரில் சம்பளம் என்கிறார். போகலாமா? அங்கே துவக்குத் தூக்கினால் கூலிப்படை என்று பிடிப்பார்களா? நான் இப்போது யார் சேர்?"

தம்பி,

சட்டத்தரணியிடம் கேட்க வேண்டிய கேள்வி உங்கள் கடிதத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அந்த ஏஜென்சி விஷயம். ஆனால் உங்கள் நித்திரையைக் கெடுத்தது அது இல்லையே. ஆகவே ஐயா கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பிறந்தவன். உங்கள் சீருடையை நான் பார்த்ததெல்லாம் சோதனைச் சாவடியில், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றுதான். ஆமிக்காரரின் தொழில் மரியாதை பற்றி எழுத நான் சரியான ஆளா என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு நினைத்தேன், அந்த ஐயாவும் எனக்கு முன்னாலோ பின்னாலோ அதே வரிசையில் நின்றவராகத்தான் இருப்பார். அவர் கேட்டதன் அர்த்தம் உங்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாக விளங்கக்கூடும்.

அவர் உங்களை ஏசவில்லை. யாரிடம் போய் முறையிடுவது என்று பார்த்திருக்கிறார். ஆமி தடுத்தால் எங்கள் சனத்துக்கு ஒரு வழி தெரியும்: கிராம சேவகர், பிரதேச செயலகம், கச்சேரி என்ற மாவட்டச் செயலகம், மனித உரிமைகள் ஆணைக்குழு. அந்தக் கதவுகள் எத்தனை தரம் திறந்தன என்பது வேறு கதை. ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்றாவது தெரியும். முதலாளியின் ஆள் தடுத்தால் போக வேண்டிய இடம் வேறு. உங்கள் தோளில் இருக்கும் பட்டி ஒன்றைச் சொல்கிறது, நெஞ்சில் இருக்கும் கம்பனி பட்ஜ் இன்னொன்றைச் சொல்கிறது. அவர் குழம்பியதில் பிழை இல்லை. நீங்களும் குழம்பித்தான் போயிருக்கிறீர்கள்.

இந்தக் குழப்பம் உங்களோடு தொடங்கியதும் இல்லை. சாமுவேல் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க அரசறிவியலாளர் 1957இலேயே இதற்கு ஒரு அளவுகோல் வைத்தார். வைத்தியரும் வழக்கறிஞரும் போல இராணுவ அதிகாரியும் ஒரு தொழில்நெறியாளர் என்றார் அவர். அதற்கு மூன்று வேண்டும்: வன்முறையைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்துக் கையாளத் தெரிந்த திறமை, அந்தத் திறமையைச் சமூகத்துக்காக மட்டும் பாவிக்கும் பொறுப்பு, நாங்கள் ஒரே கூட்டம் என்ற உணர்வு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் கணக்கில் அவர் சார்ஜன்டுகளைச் சேர்க்கவே இல்லை. அதிகாரிகள் மட்டும்தான் தொழில்நெறியாளர், மற்றவர்கள் கைத்தொழில் செய்பவர்கள் என்பது அவர் எண்ணம். மிதிவெடி வயலில் முழங்காலில் இருந்து ஒரு முழம் நிலத்தைச் சுரண்டிப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதை விடுவோம்.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கம்பனியைப் பாருங்கள். திறமையைச் சம்பளம் கொடுத்து வாங்கியிருக்கிறது. கூட்டம் என்ற உணர்வுக்குப் பதிலாகப் பட்டி, சலூட், 'நம்மட ஆள்' என்ற கதை. நடுவில் உள்ள பொறுப்பு எங்கே? ஆமியில் உங்களுக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர் என்று போய், கடைசியில் பாராளுமன்றத்தில் பதில் சொல்லவேண்டிய ஒரு அமைச்சர் இருந்தார். நடைமுறையில் அது அடிக்கடி அறுந்து கிடந்தது, எனக்குத் தெரியும், எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. ஆனாலும் பிடித்து இழுக்க ஒரு கயிறு இருந்தது. 1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் இருந்தது, இராணுவ நீதிமன்றம் இருந்தது. கம்பனியில் உங்களுக்கு மேலே பணிப்பாளர், அவருக்கு மேலே வாடிக்கையாளர். கயிறு அங்கே முடிந்துவிடுகிறது.

கிழக்கு மாகாணத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. 1984இல் பொலிசின் விசேட அதிரடிப்படை உருவானபோது அவர்களைப் பயிற்றியது யார்? கே.எம்.எஸ். என்ற பிரித்தானியத் தனியார் கம்பனி. எஸ்.ஏ.எஸ். என்ற பிரித்தானிய விசேட படையில் இருந்து விலகியவர்கள் 1970களில் தொடங்கிய கம்பனி அது. அவர்களில் சிலர் இங்கே ஹெலிகொப்டரும் ஓட்டினார்கள். நாங்கள் 'வெள்ளைக்காரன் ட்ரெயினிங் குடுக்கிறான்' என்று கேள்விப்பட்டதோடு சரி. அது அரசாங்கமா கம்பனியா என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கு அப்போது வழி இருக்கவில்லை. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் அதிரடிப்படையின் நடவடிக்கையில் என்ன நடந்தது என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை. அந்தப் பண்ணையில் வேலைக்குப் போன வீடுகள் இன்னும் இருக்கின்றன. கே.எம்.எஸ். பற்றி லண்டனைக் கேட்டபோது, அது ஒரு தனியார் கம்பனியின் வியாபாரம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தக் கம்பனியின் ஆட்கள் இங்கே போர்க்குற்றங்களில் சம்பந்தப்பட்டார்களா என்று லண்டன் பொலிஸ் விசாரிக்கத் தொடங்கியது 2020இல்தான்.

அந்த வெள்ளைக்காரர்களும் ஒரு காலத்தில் உங்களைப் போலத் தங்கள் நாட்டுச் சீருடை போட்டவர்கள்தான். படையில் கற்ற வேலையைத்தான் இங்கேயும் செய்தார்கள். ஆனால் அதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டால் கைநீட்ட ஆள் இல்லாமல் போயிற்று.

ஈராக்கில் நடந்ததும் இதுதான், அளவு மட்டும் பெரிது. பிளக்வோட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்புக் கம்பனியைத் தொடங்கியவர் அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவில் இருந்தவர். 2007 செப்டெம்பர் 16ஆம் திகதி பக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் அதன் ஆட்கள் சுட்டு 17 ஈராக்கியர் இறந்தார்கள். ஈராக் சட்டம் அவர்களைத் தொட முடியாது, ஏனென்றால் அமெரிக்க நிர்வாகம் முன்கூட்டியே விலக்குக் கொடுத்திருந்தது. 2014இல் அமெரிக்க நீதிமன்றம் நான்கு பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது, 2020 டிசெம்பரில் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். இதில் சாதாரண அமெரிக்கச் சிப்பாய்க்கு என்ன நடந்தது? வெயில் கண்ணாடியும் துவக்குமாகப் போகிறவன் ஆமியா கம்பனியா என்று ஈராக்கியருக்குத் தெரியாது. கம்பனிக்காரன் சுட்டால் பழி சிப்பாய்க்கும் சேர்ந்துதான் வரும். பக்கத்தில் அதே மாதிரி வேலை செய்கிறவன் பல மடங்கு சம்பளம் எடுக்கிறான் என்று தெரிந்தால், நான் எதற்காக இங்கே இருக்கிறேன் என்ற யோசனையும் வரும்.

நீங்கள் எழுதாத ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தனியார் கம்பனி ஒரு ஆமிக்காரரை மாற்றத் தொடங்குவது அவர் ஓய்வுபெற்ற பிறகு இல்லை. கடைசி நாலைந்து வருடத்திலேயே தொடங்கிவிடும். 'வெளியே போனால் எவ்வளவு?' என்ற கதை சிப்பாய்கள் தங்கும் பில்லெட்டில் வந்துவிட்டால், இன்று கட்டளையிடும் அதிகாரி நாளைக்கு முதலாளியாகவும் தெரிவார். 1973இல் கட்டாயச் சேவையை நிறுத்தி, சம்பளத்தைக் காட்டி ஆள் சேர்க்கத் தொடங்கிய அமெரிக்க இராணுவத்தைப் பார்த்து, சார்ல்ஸ் மொஸ்கொஸ் என்ற சமூகவியலாளர் 1977இல் இதைத்தான் சொன்னார்: அர்ப்பணிப்பாக இருந்தது மெல்ல மெல்ல ஒரு வேலையாக மாறுகிறது என்று. நம் நாட்டில் அரசே 2006இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் ரக்ன ஆரக்ஷக லங்கா என்ற பாதுகாப்புக் கம்பனியைத் தொடங்கியது. அப்புறம் சோமாலியக் கொள்ளையர் காலத்தில் கப்பல் காவலுக்கு முன்னாள் கடற்படையினருக்கு நல்ல கிராக்கி இருந்தது. இனி இந்தப் பக்கம் வருகிறவர்கள் இன்னும் கூடுவார்கள். இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது நினைவிருக்கும். வெளியே வருகிறவர்களில் எத்தனை பேருக்கு, கேட்டில் காவல் நிற்பதைத் தவிர வேறு வேலை காத்திருக்கிறது?

கேட் வேலையில் இழிவு என்று நான் சொல்வதாக எடுத்துவிடாதீர்கள். நான் அதிகம் பார்த்த வழக்குகள் அந்தக் கேட்டுகளில் இருந்து வந்தவைதான். சில வருடங்களுக்கு முன் ஒரு முன்னாள் கோப்ரல் என்னிடம் வந்தார். பன்னிரண்டு மணித்தியால சிஃப்ட், ரிலீவர் வராவிட்டால் அடுத்த சிஃப்டும் அவர்தான். மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லை, சேமலாப நிதி கட்டவும் இல்லை. ஏன் இவ்வளவு காலம் கேட்கவில்லை என்றேன். "ஓடர் தானே சேர்" என்றார். எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. முன்னாள் ஆமிக்காரரைக் கம்பனிகள் விரும்பி எடுப்பதற்கு அவர்களின் திறமை ஒரு காரணம். கேள்வி கேட்காமல் நிற்பார்கள் என்பது இன்னொரு காரணம்.

ஆமியில் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது ஒரு கொடுக்கல் வாங்கல் தம்பி. நீங்கள் கேள்வி கேட்காமல் போனீர்கள். பதிலுக்கு அரசு பென்சன் தந்தது, காயம்பட்டால் ஆஸ்பத்திரி தந்தது, நீங்கள் இல்லாமல் போனால் வீட்டைப் பார்ப்பேன் என்றது, செய்த வேலைக்குப் பொறுப்பை மேலே உள்ளவர் ஏற்பார் என்றது. கம்பனி இதில் எதையும் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதவில்லை. அப்படி இருக்க, அதே கீழ்ப்படிவை மட்டும் ஏன் இலவசமாகக் கொடுக்கிறீர்கள்? கம்பனியில் நீங்கள் ஒரு தொழிலாளி. பாதுகாப்புச் சேவைக்குத் தனியாகச் சம்பள நிர்ணய சபை இருக்கிறது. சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம் தனியாகக் கட்ட வேண்டும். தொழில் திணைக்களத்தில் போய் உங்கள் கணக்கைப் பாருங்கள். உங்களுக்குக் கீழே இருக்கும் ஜே.எஸ்.ஓ. (கனிஷ்ட பாதுகாப்பு உத்தியோகத்தர்) பொடியன்களின் கணக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆமியில் சார்ஜன்ட் என்றால் தன் ஆட்களுக்குச் சாப்பாடு வந்ததா என்று பார்த்துவிட்டுத் தான் சாப்பிடுகிறவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

அந்தப் பழக்கத்தோடு இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மிதிவெடி எடுத்தவருக்கு அவசரப்படாமல் இருக்கத் தெரியும். 2017 ஜூனில் மட்டக்களப்பை மிதிவெடி இல்லாத மாவட்டம் என்று அறிவித்தார்களே, அந்த வேலையில் படையினரும் இருந்தார்கள், தொண்டு நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை செய்த எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். நிறுவனத்தில் வேலை செய்த பிள்ளையைப் பார்த்து 'நீ யாருடைய ஆள்?' என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதுவும் சம்பள வேலைதான். ஆனால் எடுத்த வெடி யாருடைய வளவில் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

இனிப் பாசிக்குடாக் கரைக்கு வருவோம். கடல் அலை வந்து போகும் கரை அரச நிலம். ஹோட்டலின் குத்தகை எங்கே முடிகிறது என்று ஒரு வரைபடம் இருக்கும், முகாமையாளரிடம் அதைக் கேளுங்கள். அடுத்த முறை தோணிக்காரரைத் தடுக்கச் சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், எழுத்தில் கேட்டால் பாதிக் கட்டளை காணாமல் போய்விடும். தராவிட்டால், இன்ன நேரம் இன்னார் இப்படிச் சொன்னார் என்று லொக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். உங்களுக்கு உள்ள அதிகாரம் எவ்வளவு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 35ஆம் பிரிவில் எந்தத் தனியாளுக்கும் கொடுத்திருப்பதுதான் உங்களுக்கும். கண் முன்னால் பாரதூரமான குற்றம் நடந்தால் பிடிக்கலாம், பிடித்தவரைத் தாமதிக்காமல் பொலிசில் ஒப்படைக்க வேண்டும். தோணி இழுப்பது குற்றமே இல்லை. நீங்கள் அந்த ஐயாவின் கையைப் பிடித்திருந்தால், வழக்கில் எதிரியாக நிற்பது நீங்கள்தான். கம்பனி, 'அப்படி நாங்கள் சொல்லவே இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடும்.

மூன்று பட்டியைக் கழற்றிவிடுங்கள். சார்ஜன்ட் என்பது நீங்கள் உழைத்து எடுத்தது, சனம் உங்களை அப்படிக் கூப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கம்பனிச் சட்டையில் அது இருப்பது அந்த ஐயாவைப் பயப்படுத்துவதற்காக. அரசின் அதிகாரத்தை ஹோட்டல் உங்கள் தோளில் வைத்து வாடகைக்கு எடுத்திருக்கிறது, வாடகைப் பணம்கூட உங்களுக்கு வருவதில்லை. ஓ.ஐ.சி. என்று எழுதிய ஒரு பட்ஜ் போதும். பணிப்பாளர் கோபித்தால் சட்டத்தரணி சொன்னார் என்று என் தலையில் போடுங்கள். 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் பாதுகாப்புக் கம்பனிகள் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் கம்பனியின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் அப்படியே கேட்டு வையுங்கள்.

வெளிநாட்டு வேலை. இதில் நான் சுற்றி வளைக்கப் போவதில்லை, போகாதீர்கள். 2024இல் முகாம் வேலை, பின்களத்து வேலை என்று நம்பி ரஷ்ய, உக்ரேன் போருக்குள் போய் மாட்டிய முன்னாள் படையினரின் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. போனவர்களில் பலர் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. அந்த வருடம் மே மாதம் பாதுகாப்பு அமைச்சே குடும்பங்களிடம் தகவல் கேட்க வேண்டி வந்தது. உங்கள் ஏஜென்சிக்காரர் சொல்லும் வார்த்தைகளும் அதே வார்த்தைகள்தான்: ஆமி அனுபவம், முகாம், டொலர். எந்த நாடு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் உங்களுக்குச் சொல்லவில்லையா, நீங்கள் எனக்குச் சொல்லவில்லையா?

கூலிப்படை என்று பிடிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்த்த முதலாவது நெறிமுறையின் 47ஆம் உறுப்புரை கூலிப்படையாளுக்கு ஆறு நிபந்தனை வைக்கிறது, ஆறும் ஒருவரில் பொருந்த வேண்டும். சண்டை பிடிக்கவென்றே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், நேரடியாகச் சண்டையில் ஈடுபட வேண்டும், தனிலாபமே முக்கிய நோக்கமாக இருக்க வேண்டும், சண்டை பிடிக்கும் நாட்டின் படையில் அங்கத்தவராக இருக்கக் கூடாது, இப்படிப் போகும். ஆறிலும் விழுகிற ஆளைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். அந்த நாட்டு இராணுவத்தோடு ஒப்பந்தம் எழுதினால் சட்டப்படி நீங்கள் கூலிப்படை இல்லை. இதைக் கேட்டு ஆறுதல் பட வேண்டாம். அப்படி எழுதினால் வாசிக்கத் தெரியாத மொழியில், விலக முடியாத ஒரு இராணுவத்துக்குள் போகிறீர்கள். இங்கே உங்களுக்கு மேலே இருந்த கயிறு அங்கே இருக்காது. கம்பனியோடு எழுதினால், எந்த நாட்டுச் சட்டம் உங்களைக் காப்பாற்றும் என்பதே கேள்வி. தனியார் பாதுகாப்புக் கம்பனிகள் பற்றி 2008இல் சுவிட்சர்லாந்தின் மொன்ட்ரோவில் நாடுகள் சேர்ந்து எழுதிய ஆவணம் நல்லதுதான், ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டாது.

கட்டாயம் வெளிநாடு போகத்தான் வேண்டும் என்றால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள், 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் போதும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கதையை அந்த இடத்திலேயே முடித்துவிடுங்கள்.

மகளின் படிவத்தில் 'பாதுகாப்பு உத்தியோகத்தர், தனியார் கம்பனி' என்று எழுதுங்கள். அதற்குக் கீழே இடம் இருந்தால் 'ஓய்வுபெற்ற இராணுவ சார்ஜன்ட்' என்று எழுதுங்கள். இரண்டையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஏஜென்சிக்காரரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் நாளைக் காலையிலேயே போய் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால், பொலிசுக்குப் போக முதல் எனக்கு ஒரு கோல் எடுங்கள்.